சிரிப்பும் இரத்தமும்: சூப்பர் ஹீரோ படங்களில் விழுபவர் யார்?



2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' என்ற அமெரிக்கத் திரைப்படம் உலகெங்கும் வெளியானது. தமிழிலும் குரல் கொடுக்கப்பட்டு நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது. உலக அளவில் 130 கோடி டாலருக்கும் மேல் வசூலித்த படம் அது. அதன் முதல் சில நிமிடங்களில் நடப்பது இதுதான். சிவப்பு உடையும் முகமூடியும் அணிந்த டெட்பூல் ஒரு காட்டில் கல்லறை ஒன்றைத் தோண்டுகிறான். உள்ளே எலும்புக்கூடு. அந்த நேரத்தில் அவனைப் பிடிக்க வீரர்கள் வந்து சூழ்கிறார்கள். அவர்களை அவன் அந்த எலும்புகளைக் கொண்டே குத்தியும் வெட்டியும் கொல்கிறான். பின்னணியில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு துள்ளலான பாப் பாடல். ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் இடையே நடனம் ஆடுகிறான்.

அரங்கம் சிரிக்கிறது. சிரிப்பவர்கள் கொடியவர்கள் அல்லர். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவர்களும், பாடகர் குழுவில் பாடுபவர்களும், அன்பியக் கூட்டத்திற்கு நாற்காலி எடுத்துப் போடுபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். இத்தகைய படங்களைப் பார்ப்பவர் எல்லாரும் பாவிகள் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்வது எளிது. அது உண்மையும் அன்று, பயனும் அன்று. மனிதர் கொல்லப்படும் காட்சியில் நமக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது? அந்தச் சிரிப்பைப் படம் எவ்வாறு வரவழைக்கிறது? இதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

அடியும் சிரிப்பும் பழைய உறவினர்கள்

அடி விழுவதைப் பார்த்துச் சிரிப்பது புதிய பழக்கம் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்ட கோமாளிக் குழுக்கள் 'பட்டாக்கியோ' என்ற கருவி ஒன்றை வைத்திருந்தன. இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்துச் செய்தது. அதைக் கொண்டு ஒருவனை அடித்தால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பெரும் ஓசை எழும். ஆனால் அடி வாங்கியவனுக்கு வலிக்காது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்லாப்ஸ்டிக்' என்று பெயர். அடிதடி நகைச்சுவை முழுவதற்கும் பின்னாளில் அதுவே பெயராகிவிட்டது.

ஓசை பெரிது, காயம் இல்லை என்பதே அந்தச் சிரிப்பின் உடன்படிக்கை. 1940ஆம் ஆண்டு தொடங்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி' கார்ட்டூனில் பூனை தட்டையாக நசுங்குகிறது, அடுத்த நொடியில் எழுந்து ஓடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதில் நாம் குறை காண ஒன்றும் இல்லை. விழுந்தவன் எழுந்துவிட்டான் என்ற நிம்மதியும் அந்தச் சிரிப்பில் கலந்திருக்கிறது.

டெட்பூலின் கதையிலும் இந்த மரபு உயிரோடுதான் இருக்கிறது. வேட் வில்சன் என்ற மனிதன் புற்றுநோயால் சாகக் கிடக்கிறான். கொடூரமான சோதனை ஒன்றின் வழியாக, எந்தக் காயமும் தானே ஆறிவிடும் ஆற்றல் அவனுக்குக் கிடைக்கிறது. முகமும் உடலும் உருக்குலைந்து போகின்றன. 2016இல் வந்த முதல் படத்தில், கைவிலங்கிலிருந்து தப்பிக்க அவன் தன் கையையே அறுத்துக்கொள்கிறான். பிறகு அந்த இடத்தில் குழந்தையின் கை போலச் சிறிய கை ஒன்று முளைக்கிறது. அருவருப்பாக இருந்தாலும் இது பழைய கோமாளியின் மரப்பட்டைதான். காயம் அவனுடையது, சிரிப்பும் அவனுடையது, கையும் திரும்ப வந்துவிடுகிறது.

அதே படத்தில் நெடுஞ்சாலைச் சண்டை ஒன்று வருகிறது. டெட்பூலிடம் 12 குண்டுகள் மட்டுமே இருக்கின்றன. எதிரிகளைச் சுடும்போது ஒவ்வொரு குண்டாக எண்ணிக்கொண்டே போகிறான், வீணான குண்டுகளுக்காக வருந்துகிறான். காட்சி வேடிக்கையாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவன் எண்ணுவது குண்டுகளை. விழுந்த மனிதரை அவன் எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை. அவர்களுக்குக் கை திரும்ப முளைப்பதில்லை. கோமாளியின் உடன்படிக்கை இங்கே ஒருவனுக்கு மட்டும் பொருந்துகிறது, மற்றவருக்குப் பொருந்தவில்லை.

படத்தின் இறுதிச் சண்டையில் இன்னொரு சிறிய நிகழ்ச்சி. எதிரிகளில் ஒருவன் பழைய தோழன் என்று டெட்பூல் கண்டுகொள்கிறான். பாப் என்று பெயர் சொல்லி அழைத்து, சண்டைக்கு நடுவே நலம் விசாரிக்கிறான். பிறகு அவனைக் கொல்லாமல் மயங்கி விழச் செய்துவிட்டு நகர்கிறான். நகைச்சுவைக்காக வைத்த இந்தக் காட்சி, படமே அறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பெயர் தெரிந்தவன் பிழைத்துக்கொண்டான். மற்றவருக்கும் வீடு உண்டு, நலம் விசாரிக்க ஆட்கள் உண்டு. அது நமக்குத் தெரியாதபடி படம் பார்த்துக்கொள்கிறது.

இந்தப் படத்தில் நற்குணமுள்ள இரும்பு மனிதன் ஒருவனும் வருகிறான், கொலோசஸ் என்று பெயர். தோற்றுக் கிடக்கும் எதிரியைக் கொல்லாதே என்று டெட்பூலுக்கு நீண்ட அறிவுரை சொல்கிறான். அறிவுரை முடியும் முன்பே துப்பாக்கி வெடிக்கிறது. அரங்கில் பெரிய சிரிப்பு. மறையுரை கேட்டும் கட்டுரை எழுதியும் பழகிய நமக்கு இந்த இடத்தில் சற்றுக் கூச்சம் வரத்தான் செய்யும். ஆனால் சுட்டபின் அந்த இரும்பு மனிதன் குமட்டி வாந்தி எடுக்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். சாவைச் சாவாக உணர்ந்தவன் அந்த இடத்தில் அவன் ஒருவன்தான். அதையும் படம் சிரிப்பாக்கிவிட்டது.

இந்தக் கலவை எங்கிருந்து வந்தது?

சூப்பர் ஹீரோ படங்களில் இரத்தமும் நகைச்சுவையும் சேர்ந்தது டெட்பூலால் அல்ல. 1984இல் நியூயார்க்கின் ட்ரோமா என்ற சிறிய நிறுவனம் 'தி டாக்சிக் அவெஞ்சர்' என்ற படத்தை எடுத்தது. நச்சுக் கழிவில் விழுந்த எளியவன் ஒருவன் கோர உருவம் பெற்றுக் கெட்டவர்களைக் கிழித்துப்போடும் கதை. மிகக் குறைந்த செலவில் எடுத்த, வேண்டுமென்றே அருவருப்பூட்டும் நகைச்சுவை. 1991இல் இதே நாயகனை வைத்துச் சிறுவர்களுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் வந்தது! பெரியவர்களுக்கென்று எடுத்த படம் ஏழு ஆண்டுகளில் பிள்ளைகளின் பொம்மைக் கடைக்கு வந்துவிட்டது. அந்த ட்ரோமா நிறுவனத்தில் தொழில் பழகியவர்தான், பின்னர் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படங்களை இயக்கிய ஜேம்ஸ் கன். 2002இல் 'ஸ்பைடர்மேன்' எடுத்த சாம் ரெய்மியும் இரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டிச் சிரிக்க வைத்த 'ஈவில் டெட் 2' என்ற 1987ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தவர்தான்.

அமெரிக்கத் தணிக்கை முறையில் 'பி.ஜி.-13' என்ற பிரிவு பிறந்ததற்கும் இந்தக் கலவையே காரணம். 1984 கோடையில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் படமும் 'கிரெம்லின்ஸ்' படமும் குடும்பப் படங்கள் என்ற பெயரில் வெளியாயின. முதல் படத்தில் உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சி. இரண்டாவதில் குட்டிப் பிசாசு ஒன்று மைக்ரோவேவ் அடுப்பில் வெடித்துச் சிதறும் காட்சி. குழந்தைகளோடு போன பெற்றோர் திகைத்தனர். முதல் படத்தின் இயக்குநரும் இரண்டாவது படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவருமான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கே இடைப்பட்ட ஒரு பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்த ஆண்டு ஜூலையிலேயே அது நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கலவை எப்போதும் கெட்டதுதானா? 1987இல் வந்த 'ரோபோகாப்' படத்தின் ஒரு காட்சி நம்மை யோசிக்க வைக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் கூட்ட அறை. காவல் பணிக்காகச் செய்த இயந்திரத்தைக் காட்டி விளக்கம் தருகிறார்கள். இளம் ஊழியர் ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து இயந்திரத்தை நோக்கி நீட்டச் சொல்கிறார்கள். துப்பாக்கியைக் கீழே போடு என்று இயந்திரம் எச்சரிக்கிறது. அவர் போட்டுவிடுகிறார். ஆனால் இயந்திரத்திற்கு அது புரியவில்லை, சுட்டுத் தள்ளுகிறது, நிறுத்தாமல் சுடுகிறது. இளைஞர் துடித்து விழுந்தபின் மேலதிகாரிகள் பேசுவது, இந்தக் கோளாறால் ஏற்படப்போகும் தாமதத்தையும் வட்டி நட்டத்தையும் பற்றி.

தணிக்கைக் குழு இந்தப் படத்தைப் பலமுறை திருப்பி அனுப்பியது, இரத்தத்தைக் குறைக்கச் சொன்னது. இயக்குநர் பால் வெர்ஹோவன் குறைத்தார். ஆனால் குறைத்தபின் காட்சியில் இருந்த கேலி குறைந்து கொடூரம்தான் கூடியது என்று அவர் பின்னர் சொன்னார். அளவு மீறிய இரத்தமே அங்கே கேலியாக இருந்தது. கேலி யார்மீது? செத்த இளைஞர்மீது அல்ல, அவருடைய உடலைத் தாண்டி இலாபக் கணக்குப் பேசியவர்கள்மீது. (தன் நாயகனை இறந்து உயிர்த்த கிறிஸ்துவின் சாயலில் அமைத்ததாகவும் வெர்ஹோவன் கூறியிருக்கிறார். படத்தின் இறுதியில் ரோபோகாப் நீர்மேல் நடப்பது போன்ற காட்சி அதனால்தான். அமெரிக்க இயேசு என்றால் கையில் துப்பாக்கி இருக்கும் என்பது அவருடைய கசப்பான நகைச்சுவை.) இந்தப் படமும் 1988இல் சிறுவர் கார்ட்டூன் ஆகிவிட்டது என்பது வேறு கதை.

ஆகவே இரத்தத்தின் அளவை வைத்து மட்டும் ஒரு படத்தை எடைபோட முடியாது.

சிறுமியின் கையில் கத்தி

2010இல் வந்த 'கிக் ஆஸ்' படத்தில் நாம் கடக்கக் கூடாத ஓர் எல்லை கடக்கப்பட்டது என்றே நினைக்கிறோம். அதில் ஒரு தந்தை தன் சிறு மகளைக் கொலைத் தொழிலுக்குப் பழக்குகிறார். முதலில் அவர்கள் வரும் காட்சியே, குண்டு துளைக்காத சட்டையை மாட்டிவிட்டு மகளின் நெஞ்சில் அவர் சுடும் காட்சிதான். அழாமல் இருந்தால் ஐஸ்கிரீம் கிடைக்கும். பிறகு அந்தச் சிறுமி ஓர் அறை முழுவதும் இருக்கும் ஆட்களை வெட்டிச் சாய்க்கும்போது பின்னணியில் ஒலிப்பது குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் குதூகலப் பாட்டு. நடித்த சிறுமிக்கு அப்போது 11 வயது. நம் பங்கில் புதுநன்மை வாங்கி ஓரிரு ஆண்டுகள் ஆன பிள்ளையின் வயது.

இதன் இரண்டாம் பாகத்தில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ஜிம் கேரி நடித்தார். அவர் தம் காட்சிகளில் நடித்து முடித்த சில வாரங்களில், 2012 டிசம்பர் 14 அன்று, கனெடிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தனர். அந்த ஊரின் புனித ரோஸ் ஆலயத்தில் குழந்தைகள் பலருக்கு அடக்கத் திருப்பலி நடந்தது. 2013 ஜூன் மாதம், படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்த அளவு வன்முறையை மனச்சாட்சிப்படி தம்மால் ஆதரிக்க முடியவில்லை என்று ஜிம் கேரி வெளிப்படையாக அறிவித்தார். உடன் நடித்தவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். மூலக் கதையை எழுதிய மார்க் மில்லர், இது கற்பனை, வன்முறையின் விளைவுகளையும் இது காட்டுகிறது என்று பதிலளித்தார்.

இருவரில் யார் சொல்வது சரி? இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். படம் பார்த்ததால்தான் ஒருவன் சுட்டான் என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஜிம் கேரியும் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது தம்மைப் பற்றி. அந்தச் சவப்பெட்டிகளைப் பார்த்தபின் முன்போல் அதைப் பார்த்துச் சிரிக்கத் தம்மால் முடியவில்லை என்பதே அதன் பொருள்.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பதற்குத் திருச்சபைக்கும் தொடர்புள்ள வரலாறு ஒன்று உண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் படக்கதைப் புத்தகங்கள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்ற அச்சம் பரவியது. கத்தோலிக்கப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்களே வீடு வீடாகச் சென்று அவற்றைச் சேகரித்து வந்து தீயிட்டு எரித்தார்கள். 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம், படக்கதைகளே சிறுவர் குற்றங்களுக்குக் காரணம் என்று ஒரு நூல் எழுதினார். செனட் குழு விசாரித்தது, பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கடுமையான விதிகளை வகுத்துக்கொண்டார்கள். ஆனால் வெர்த்தமின் ஆவணங்களை ஆராய்ந்த கேரல் டில்லி என்ற பேராசிரியர், சிறுவர்கள் சொன்னதை அவர் பல இடங்களில் மாற்றியும் கூட்டியும் எழுதியிருந்ததை 2012இல் வெளிப்படுத்தினார். நல்ல நோக்கத்திற்காகவும் பொய் சொல்லக் கூடாது அல்லவா?

திருச்சபையின் ஏடுகளோ இதைவிட நிதானமாகவே பேசியிருக்கின்றன. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1936இலேயே திரைப்படங்களைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடு, தீமையைக் கலையில் காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. மனிதரை இன்னும் ஆழமாக அறிய அது உதவக்கூடும் என்று ஏற்றுக்கொண்டது, கட்டுப்பாடு தேவை என்றும் சொன்னது. 1989இல் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை, ஊடகங்களில் காட்டப்படும் ஆபாசம், வன்முறை ஆகியவை பற்றி வெளியிட்ட ஏட்டில், தொடர்ந்து பார்ப்பதால் உணர்வு மழுங்குவதையும், கற்பனை எது உண்மை எது என்று பிரித்தறியக் குழந்தைகள் தடுமாறுவதையும் குறிப்பிட்டது.

கல்லறையைத் தோண்டியவன்

இனி, தொடக்கத்தில் சொன்ன கல்லறைக்கு வருவோம். அது யாருடைய கல்லறை?

2017இல் வந்த 'லோகன்' படத்தின் இறுதியில் புதைக்கப்பட்ட வுல்வரினின் கல்லறை அது. 'லோகன்' படமும் வன்முறை நிறைந்ததுதான். இரத்தம் டெட்பூலைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் அதற்கும் பெரியவர் துணையின்றிச் சிறுவர் பார்க்கக் கூடாத 'ஆர்' பிரிவுதான். ஆனால் அதில் சிரிப்பு வேறு இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. முதுமையடைந்த லோகனும், நோயுற்ற பேராசிரியர் சார்லஸும், லாரா என்ற சிறுமியும் தப்பி ஓடும் வழியில் ஓர் உழவர் குடும்பத்திற்கு உதவுகிறார்கள். அந்தக் குடும்பம் அவர்களை வீட்டிற்கு அழைத்து உணவு தருகிறது. கணவன், மனைவி, மகன் எல்லாரும் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். பழைய கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நெடுநாளுக்குப் பின் அந்த மூவருக்கும் கிடைத்த வீட்டுச் சாப்பாடு. நாமும் சேர்ந்து சிரிக்கிறோம், அந்தக் குடும்பம் நமக்குத் தெரிந்தவர்களாகிவிடுகிறது.

அன்று இரவே லோகனைப் போல உருவாக்கப்பட்ட கொலைகாரன் அந்த வீட்டிற்குள் வருகிறான். அப்போது ஒருவரும் சிரிப்பதில்லை. சற்றுமுன் சிரித்த ஒவ்வொரு முகமும் நமக்குத் தெரியும் என்பதால், ஒவ்வொரு சாவும் வலிக்கிறது. இங்கே சிரிப்பு மனிதருக்கு முகம் கொடுத்தது. டெட்பூலின் சிரிப்போ முகத்தை எடுத்துக்கொண்டது. இரண்டிலும் நகைச்சுவை உண்டு, இரண்டிலும் இரத்தம் உண்டு. வேறுபாடு இந்த ஓர் இடத்தில்தான்.

'லோகன்' படத்தின் முடிவில் குழந்தைகளைக் காப்பாற்றி இறந்த லோகனை அந்தச் சிறுமி அடக்கம் செய்கிறாள். கல்லறையில் நட்ட மரச் சிலுவையைப் பிடுங்கி, சற்றுச் சாய்த்து, பெருக்கல் குறி போல வைக்கிறாள். அவன் ஒரு காலத்தில் சேர்ந்திருந்த குழுவின் அடையாளம் அது. அந்த எளிய சைகையில் எத்தனையோ பேர் அரங்கில் கண்கலங்கினார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து டெட்பூல் தோண்டியது அந்தக் கல்லறையைத்தான். அந்த நினைவை அவமதிக்காமல் எப்படிப் படம் எடுப்பது என்று பார்வையாளரைப் பார்த்து அவனே கேட்டுக்கொள்கிறான், அவமதிக்கத்தான் போகிறோம் என்ற பொருளில் அவனே பதிலும் சொல்கிறான். சாமர்த்தியமான உத்திதான். குற்றத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு சிரித்துவிட்டால் பிறகு யார் குற்றம் சாட்ட முடியும்? இதே படத்தில் டெட்பூல் தன்னை 'மார்வெல் இயேசு' என்று சொல்லிக்கொள்கிறான். அதைக் கேட்டு நம்மில் சிலருக்கு மனம் புண்படலாம். நம்மைக் கேட்டால், அந்த வெற்றுச் சொல்லைவிடக் கல்லறைக் காட்சியே கனமானது. இறந்தோரை அடக்கம் செய்வதைத் திருச்சபை இரக்கச் செயல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. தம் உயிருக்கே ஆபத்து என்றறிந்தும் தோபித்து தெருவில் கிடந்த உடல்களை எடுத்துப் புதைத்தார். செத்தவனின் எலும்பு கருவியாவதும், அதனால் சாகிறவன் நடனத்தின் தாளமாவதும் ஒரே சிரிப்பில் நடக்கின்றன.

வேதனையையும் நகைச்சுவையையும் நம் மரபு அறியாதது அல்ல. 258ஆம் ஆண்டு உரோமையில் மறைச்சாட்சியாக இறந்த திருத்தொண்டர் புனித லாரன்ஸ், இரும்புக் கட்டிலில் வாட்டப்பட்டபோது, இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள் என்று கொடியவரிடம் சொன்னதாகப் பழைய மரபுக் கதை. 4ஆம் நூற்றாண்டில் புனித அம்புரோஸ் இதை எழுதியிருக்கிறார். இன்று சமையற்காரர்களுக்கும் நகைச்சுவையாளர்களுக்கும் அவர் பாதுகாவலர். கொடூரத்தில் கலந்த நகைச்சுவை என்றால் இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் சிரித்தவர் நெருப்பின்மேல் கிடந்தவர். திருப்பாடுகளின் வரலாற்றில் வேறொரு வேடிக்கையும் உண்டு. படைவீரர்கள் ஆண்டவருக்கு அரச உடை உடுத்தி, முள்ளால் முடி சூட்டி, முழந்தாளிட்டு விளையாடினார்கள். அதற்கு முன்பே காவலர் அவருடைய முகத்தை மூடிவிட்டு அடித்து, அடித்தது யார் சொல் என்று கேட்டார்கள். அவர்களுக்கு அது நகைச்சுவை. முகத்தை மூடியதால்தான் அந்த விளையாட்டு நடந்தது.

இந்த வேறுபாட்டை உணர்ந்த திரைப்படக்காரர்களும் இருக்கிறார்கள், பாதி வழிவரையிலாவது. ஜேம்ஸ் கன் 2021இல் எடுத்த 'தி சூசைட் ஸ்குவாட்' படத்தில் இரு நாயகர்கள் தங்கள் தோழனை மீட்கக் காட்டில் இருக்கும் ஒரு முகாமுக்குள் நுழைகிறார்கள். யார் அழகாகக் கொல்வது என்று போட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகச் சாய்க்கிறார்கள். நாமும் சிரித்துக்கொண்டே பின்தொடர்கிறோம். கடைசிக் கூடாரத்தில் தோழன் நலமாக உட்கார்ந்திருக்கிறான். கொல்லப்பட்டவர்கள் எதிரிகள் அல்ல, அவனைக் காப்பாற்றிய விடுதலைப் போராளிகள்! சிரித்த வாய் சட்டென்று மூடிக்கொள்கிறது. நல்ல அடி. ஆனால் படம் அங்கே நிற்கவில்லை, அடுத்த நிமிடமே கதை நகர்ந்துவிடுகிறது. வெளியே கிடப்பவர்களைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

நம் நாட்டில் டெட்பூல் படங்களுக்குத் திரையரங்கில் 'ஏ' சான்றிதழ், 18 வயதுக்கு உட்பட்டவர் பெற்றோருடன் வந்தாலும் பார்க்கக் கூடாது. 2023இல் திருத்தப்பட்ட சட்டத்தால் 'யு/ஏ' பிரிவும் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இணையவழிப் படத்தளங்களில் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களைப் பெற்றோர் பூட்டி வைக்கும் வசதி இருக்க வேண்டும் என்று 2021இன் விதிகள் கூறுகின்றன. வசதி இருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு. கைப்பேசியில் அந்தப் பூட்டைப் போடத் தெரியாவிட்டால் பங்கு இளையோரைக் கேட்டால் சொல்லித் தருவார்கள். (தம்பி தங்கைகளுக்காகப் போடச் சொல்லுங்கள், அவர்களுக்காக என்று சொல்ல வேண்டாம்!)

ஆனால் பூட்டுக்குள் அடங்காதவையும் உண்டு. இரத்தமே காட்டாத படங்களைப் பற்றித்தான் நமக்கு அதிகக் கவலை. 2017இல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இரண்டாம் பாகம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் படம், அமெரிக்காவில் 'பி.ஜி.-13'. அதில் யோண்டு என்பவன் சீழ்க்கை அடித்து ஓர் அம்பைப் பறக்கவிடுகிறான். 1964ஆம் ஆண்டின் இனிய பாட்டு ஒன்று ஒலிக்க, அம்பு ஒளிக்கோடு போலக் கப்பல் முழுவதும் சுற்றி வருகிறது. அது போகும் வழியெல்லாம் ஆட்கள் மெதுவாகச் சரிந்து விழுகிறார்கள். துளி இரத்தம் இல்லை. பார்க்க அழகாகவே இருக்கிறது. டெட்பூலில் குமட்டி வாந்தி எடுக்கவாவது ஒருவன் இருந்தான், இங்கே அதுவும் இல்லை.

இந்தப் படம் பல வீடுகளில் ஏற்கெனவே பார்த்த படம்தான். 13 வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால், மறைக்கல்வி வகுப்பிலோ இளையோர் கூட்டத்திலோ அந்தக் காட்சியை மட்டும் இருமுறை போட்டுப் பார்க்கலாம். முதல் முறை அப்படியே. இரண்டாம் முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, எத்தனை பேர் விழுகிறார்கள் என்று ஆளுக்கொரு தாளில் எண்ணி எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எண்ணிக்கை மற்றவருடன் ஒத்துப்போகாது. அப்போது மூன்றாம் முறையும் போட வேண்டி வரும்.